எந்தப் பக்கத்து இரத்தம்?



கோலா குபு பாருவிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். தம் பெயரையும் குடியிருக்கும் தாமானின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை. கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே முப்பது வருடம் பால் வெட்டி, தோட்டம் கைமாறிய பிறகு மகனோடு பட்டணத்துக்கு வந்தவர். நாலு பக்கக் கடிதம். அதில் மூன்றரைப் பக்கம் நல விசாரிப்பும் தயக்கமும்தான். கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது.

தம் மகனுக்குத் தம்முடைய அண்ணன் மகளையே கட்டி வைத்தார். முறைப்பெண், சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்ற ஆசை. கல்யாணமாகி இரண்டாம் வருடம் ஆண் குழந்தை பிறந்தது. தோல் பால் போல வெள்ளை. முடி வைக்கோல் நிறம். கண்மணி சாம்பல் நிறம். வெளிச்சம் பட்டால் குழந்தை முகத்தைச் சுளித்துக்கொள்கிறது. இரண்டு கண்களும் ஓரிடத்தில் நிற்காமல் ஊசலாடிக்கொண்டே இருக்கின்றன. மருத்துவமனையில் 'அல்பினிசம்' என்றார்கள். டாக்டர் உட்கார வைத்து விளக்கமும் சொன்னாராம். ஆனால் அந்தப் பதற்றத்தில் யார் காதிலும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிரகணத்தன்று அந்தப் பெண் வெளியே வந்தாள் என்றார் ஒருவர். குங்குமப்பூவைப் பாலில் அளவுக்கு மீறிப் போட்டுக் குடித்தாள் என்றார் இன்னொருவர். பிள்ளை பார்க்க வந்த ஒருத்தி அடுப்படியில் நின்று தணிந்த குரலில் வேறொன்று சொன்னாளாம். அந்த வார்த்தையை அம்மா எழுதவில்லை. 'எழுதக் கை கூசுகிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறார். நமக்குப் புரிகிறது. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் தோட்டத்தில் இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால் அந்தத் தாய் என்ன பாடுபட்டிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். துரைமார் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை.

மருமகள் இப்போது வாசலுக்கே வருவதில்லையாம். அம்மா கேட்டிருக்கும் கேள்வி இதுதான்: "ஐயா, எங்கள் பக்கத்தில் ஏழு தலைமுறையாக இப்படி யாரும் பிறந்தது கிடையாது. இது என் அண்ணி வீட்டுப் பக்கத்து இரத்தம்தானே?"

அம்மா, உங்கள் கேள்விக்கு நேரான பதில் உண்டு. அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முதலில் இந்த வெள்ளை எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன். கடிதத்தின் ஓரத்தில் இளைய மகனின் உயரத்தைப் பற்றியும் ஒரு வரி கிறுக்கியிருக்கிறீர்களே, அதற்கும் இடம் வைத்திருக்கிறேன்.

நம் தோலுக்கும் முடிக்கும் கண்மணிக்கும் கறுப்பு கொடுப்பது மெலனின் என்ற சாயம். தோலில் அந்தச் சாயத்தைத் தயாரிக்கவென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. நீங்கள் பால் வெட்டியவர். வாளியில் பால் எவ்வளவுதான் நிரம்பியிருந்தாலும், பார்மிக் ஆசிட் ஊற்றாவிட்டால் அது உறைந்து கட்டியாகாது. கட்டியாகாவிட்டால் மெஷினில் போட்டு ஷீட் அடிக்க முடியாது. சாயம் தயாராவதும் ஏறக்குறைய இப்படித்தான். அதற்கு டைரோசினேஸ் என்ற ஒரு நொதி வேண்டும். உங்கள் பேரனுடைய தோலிலும் சாயம் செய்யும் உயிரணுக்கள் மற்றவர்களுக்கு இருக்கும் அளவுக்கே இருக்கின்றன. ஆசிட்தான் இல்லை.

அந்த நொதியைச் செய்யும் குறிப்பு ஒவ்வொருவர் உடம்பிலும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அப்பா கொடுத்தது, இன்னொன்று அம்மா கொடுத்தது. இதைத்தான் ஜீன் என்கிறார்கள்; நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் மரபணு. ஸ்டோரில் இரண்டு டின் ஆசிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டின் காலியாக இருந்தாலும் அடுத்த டின்னை வைத்து வேலை நடந்துவிடும். ஷீட்டைப் பார்த்து, ஸ்டோரில் ஒரு டின் காலி என்று எந்த மண்டோராலும் சொல்ல முடியாது. இரண்டும் காலியானால்தான் வேலை நிற்கும். ஒரு டின் காலியாக உள்ளவர்கள் நம்மைப் போலவே கறுப்பாகவோ மாநிறமாகவோ இருப்பார்கள். நூறு வயது வாழ்ந்தாலும் தங்களிடம் அது இருக்கிறதென்று அறியமாட்டார்கள். இப்படிப்பட்டவர்களைச் 'சுமப்பவர்' என்கிறோம். ஏழு தலைமுறையாக யாருக்கும் வரவில்லை என்றீர்களே, அம்மா! வெளியே தெரியாமல் ஏழு என்ன, எழுபது தலைமுறை அது கைமாறி வரலாம். இதை ஒடுங்கு பண்பு என்பார்கள்.

சுமப்பவர் இருவர் தம்பதிகளாகும்போது என்ன நடக்கும்? இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து மக்களுக்குப் புத்தகம் வேண்டாம், செம்பனை போதும். குலையிலிருந்து உதிர்ந்த பழம் ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவே பருப்பு, அதைச் சுற்றி ஓடு, வெளியே எண்ணெய்ச் சதை. பழைய மரங்களில் ஓடு தடிமனாக இருக்கும், அது டூரா. ஓடே இல்லாத வகை பிசிபெரா. அதில் பெரும்பாலான மரங்களில் குலை பழுக்காமலே அழுகிவிடும். இந்த இரண்டையும் சேர்த்தால் வருவது மெல்லிய ஓடும் நிறையச் சதையும் உள்ள தெனெரா. இன்று தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் தெனெராதான். டூரா தாயிடமிருந்து ஒரு பிரதி, பிசிபெரா தகப்பனிடமிருந்து ஒரு பிரதி.

இந்த ஓட்டின் தடிமனை ஒரே ஒரு ஜீன்தான் தீர்மானிக்கிறது என்று 1941-ல் ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டிலிருந்த பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்தார்கள். அந்த ஜீன் எது என்பதை நம் மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து கண்டுபிடித்து 2013-ல் வெளியிட்டார்கள். நம் நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் எங்கே உண்டானது தெரியுமோ? நம் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா, அதன் பக்கத்தில் தென்னமரம் தோட்டம். 1917-ல் ஆன்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. நட்டது பனை, தோட்டத்தின் பெயர் தென்னமரம்!

போகட்டும், கணக்குக்கு வருவோம். தெனெரா மரத்தடியில் பொறுக்கிய பழத்தை நட்டால் நல்ல கன்று வராது, நாற்றங்காலிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று தோட்டத்தில் சொல்வார்களே, ஏன்? தெனெராவோடு தெனெரா சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு தடித்த ஓட்டுக்குத் திரும்பிவிடும். இரண்டு பங்கு தெனெராவாகவே இருக்கும். மீதி ஒரு பங்கு ஓடில்லாத பிசிபெராவாகிப் பலன் தராது. தாய் மரமும் நல்ல மரம், தகப்பன் மரமும் நல்ல மரம். ஆனாலும் நான்கில் ஒன்று இப்படிப் போகிறது. அதற்காக எந்த மரத்தின் ஒழுக்கத்தையும் யாரும் சந்தேகித்ததில்லை.

உங்கள் மகனும் மருமகளும் அந்தத் தெனெரா மரங்களைப் போன்றவர்கள். ஒரு வித்தியாசம் உண்டு. செம்பனையில் கலப்பு வெளியே தெரியும். பழத்தை வெட்டினால் மெல்லிய ஓடு காட்டிக் கொடுத்துவிடும். மனிதத் தோலில் தெரியாது. மற்றபடி கணக்கு ஒன்றுதான். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு குழந்தை வெள்ளையாகப் பிறக்க. மூன்று வாய்ப்பு சாதாரண நிறத்தில் பிறக்க. 'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது' என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பவேண்டாம். காசைச் சுண்டும்போது போன தடவை பூ விழுந்தது காசுக்கு ஞாபகம் இருப்பதில்லை. அடுத்த பிள்ளைக்கும் அதே நான்கில் ஒன்றுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழந்தைக்கு இரண்டு டின்னும் காலி. ஒன்று மருமகள் கொடுத்தது, மற்றொன்று உங்கள் மகன் கொடுத்தது. மகன் தன் பங்கைக் கொடுக்காமல் இப்படி ஒரு குழந்தை பிறக்க வழியில்லை. அடுப்படியில் நின்று அந்த வார்த்தை சொன்ன பெண்ணுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். இந்தக் குழந்தையின் வெள்ளை நிறம் தாயின் நடத்தைக்கு எதிரான சாட்சி அல்ல.

மகனுக்கு அது எங்கிருந்து வந்தது? உங்களிடமிருந்து, அல்லது உங்கள் கணவரிடமிருந்து. மருமகளுக்கு? உங்கள் அண்ணனிடமிருந்து, அல்லது அண்ணியிடமிருந்து. இந்த நால்வரில் இருவர் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். யார், அம்மா? நீங்களும் உங்கள் அண்ணனும். உங்கள் தகப்பனாரோ தாயாரோ ஒருவரிடம் அந்தக் காலி டின் இருந்து, அது உங்களுக்கும் அண்ணனுக்கும் வந்து, நீங்கள் மகனுக்கும் அவர் மகளுக்கும் கொடுத்து, பேரன் பிறந்த அன்று இரண்டும் ஒன்று சேர்ந்திருக்கின்றன. அண்ணியும் உங்கள் கணவரும் தற்செயலாக ஒரே பண்பைச் சுமந்து வந்திருக்கவும் கூடும்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்படிப்பட்ட பத்துக் குடும்பங்களில் ஏறக்குறைய ஒன்பதில் பொதுவான தாத்தா பாட்டி வழிதான் அது வந்திருக்கும். அண்ணி வீட்டு இரத்தம் என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பது, பெரும்பாலும் உங்கள் கையிலேயே ஓடுகிற இரத்தம்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் உங்களையே நொந்துகொள்ளக் கூடாது. இது தெரிந்து கொடுத்ததல்ல. வாங்கியதும் கேட்டு வாங்கியதல்ல. நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் மாமியார் மட்டுமல்ல, அத்தையும்கூட. இந்தப் பக்கத்தை அவளிடம் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

இனி, முறைப்பெண் கட்டுவதே தவறா என்று மற்ற வாசகர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் வழக்கம் இது. தமிழ்நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில்கூடத் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் விட்டிருக்கிறது. 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்த 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் மாமனும் மருமகளும் மணப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் இந்து வழக்கப்படி அக்காள் மகளையோ தங்கை மகளையோ தாய்மாமன் மணப்பதை மட்டும் விலக்காக அனுமதிக்கிறது.

அபாயம் எவ்வளவு? சொந்தமில்லாத இருவருக்கு அல்பினிசக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 20,000 பிரசவத்தில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகள் என்றால் ஏறக்குறைய 2,000-ல் ஒன்று. தாய்மாமன் என்றால் 1,000-ல் ஒன்றை ஒட்டி வரும். பத்து மடங்கு, இருபது மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கிறது. 2,000-ல் 1,999 குழந்தைகளுக்கு வராது என்று சொன்னால் பயம் போய்விடுகிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் அல்பினிசம் ஒன்று மட்டும் ஒடுங்கு பண்பல்ல. பிறவிச் செவிடு சில வகைகள், தலசீமியா, இன்னும் எத்தனையோ இதே வழியில் வருகின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு மூன்று என்ற அளவில் உள்ள பிறவிக் கோளாறு அபாயம், அத்தை மகன், மாமன் மகள் சேரும்போது இன்னும் இரண்டு மூன்று கூடுகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் என்ற இருவர் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பிரசவங்களை ஆராய்ந்து 1977-ல் எழுதினார்கள். சொந்தத்தில் மணந்தவர்களுக்குக் கருச்சிதைவும் இறந்து பிறப்பதும் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமில்லை என்று கண்டார்கள். நூற்றாண்டுகளாக இப்படியே மணந்து வந்ததில் கடுமையான கோளாறுகள் கழிந்து போயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அதனால் 'சொந்தத்தில் கட்டினால் குடும்பமே நாசம்' என்று பயமுறுத்துபவர்கள் பேச்சை நான் ஏற்கமாட்டேன். அதே சமயம், ஒன்றுமே ஆகாது என்பவர்கள் பேச்சும் எனக்கு உடன்பாடல்ல.

நம் தோட்டங்களுக்கு இதில் ஒரு தனி விசேஷம் உண்டு. கங்காணி ஊருக்குப் போய்த் தன் சொந்த பந்தத்தையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் சேர்த்துக் கப்பலேற்றினான். 1938-ல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வந்த கல்யாணங்களெல்லாம் இங்கே இருந்தவர்களுக்குள்தான். நாலு குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், வெளியார் என்று நினைத்துக் கட்டுவதுகூட ஒருவகையில் சொந்தமாகிவிடும். செம்பனைக்கும் இதே கதைதான். சுமத்ராவிலிருந்து நமக்கு வந்த டெலி வகைப் பனை முழுவதற்கும் மூலம், 1848-ல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட நான்கே நான்கு கன்றுகள்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. மாமன் மகளைக் கட்டியவர்கள் கலங்க வேண்டாம். கட்டப்போகிறவர்கள், வீட்டில் ஏற்கெனவே வெள்ளையாகவோ காது கேளாமலோ பிறந்த பிள்ளை உண்டா என்று இரு பக்கமும் வாய் திறந்து பேசுங்கள். அப்படி உண்டென்றால், தேதி குறிப்பதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் இதற்கென்றே மரபியல் பிரிவு இருக்கிறது. தாய்மாமன் கல்யாணத்தைச் சட்டம் அனுமதித்தாலும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் பதினொன்றாக இதையும் பார்க்கலாம்.

எல்லாக் கோளாறும் இரண்டு பக்கமும் சேர்ந்து வருவதல்ல என்பதையும் சொல்லவேண்டும். பிள்ளை பிறந்ததும் அரசாங்க மருத்துவமனையில் தொப்புள்கொடி இரத்தம் எடுத்து ஜி6பிடி இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்தக் குறை தாய் வழியில் வந்து பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும். அந்தப் பிள்ளை உள்ள வீட்டில் அலமாரியில் பூச்சி உருண்டை போடக்கூடாது. அது வேறு கதை, இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

சரி, உயரத்துக்கு வருவோம். 'மூத்தவன் நல்ல உயரம். இளையவனுக்குப் பதினாலு வயதாகியும் குள்ளமாக இருக்கிறான். அதுவும் சொந்தத்தில் கட்டியதாலா?' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணவர் சொந்தமல்ல என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு ஏன் இந்தச் சந்தேகம்!

பள்ளிக்கூடத்தில் மெண்டல் என்ற பாதிரியார் நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் வைத்து 1866-ல் எழுதியதைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே உயரத்துக்கு ஒரே ஜீன். அதனால் நெட்டை, குட்டை என்று இரண்டே வகை. மனிதன் பட்டாணி அல்ல. 54 லட்சம் பேரை வைத்துச் செய்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 2022-ல் வெளிவந்தது. உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் வைக்கிற இடங்கள் நம் மரபணுத் தொகுதியில் 12,000-க்கு மேல் உள்ளன என்று அதில் கண்டார்கள். ஒரே ஜீனால் குள்ளமாவது அபூர்வம். அதைக் கை கால்களின் அமைப்பிலேயே டாக்டர் கண்டுகொள்வார். மற்றபடி ஒரு தாய் வயிற்றில் அண்ணன் நெட்டையும் தம்பி குட்டையுமாக இருப்பது சீட்டுக் கட்டைக் கலைத்துப் போட்டால் ஒவ்வொரு கைக்கும் வேறு வேறு சீட்டு வருவதைப் போலத்தான்.

வீட்டிலேயே ஒரு கணக்குப் பார்க்கலாம். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டுங்கள். ஆண் பிள்ளை என்றால் 13-ஐச் சேருங்கள், பெண் பிள்ளை என்றால் 13-ஐக் கழியுங்கள். வருவதை இரண்டால் வகுங்கள். அப்பா 165, அம்மா 152 என்றால் மகன் 165-ஐ ஒட்டி வருவான். மகள் 152-ஐ ஒட்டி. எட்டு ஒன்பது சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் போகலாம். பெற்றோர் மிகவும் நெட்டையானால் பிள்ளைகள் அவ்வளவு நெட்டையாவதில்லை, மிகவும் குட்டையானால் அவ்வளவு குட்டையாவதுமில்லை. நடுவை நோக்கிச் சற்றே திரும்புவார்கள் என்று இங்கிலாந்தில் கால்டன் என்பவர் 205 குடும்பங்களின் 928 பிள்ளைகளை அளந்து 1886-லேயே சொல்லிவிட்டார்.

ஆனால் ஜீன் கொடுப்பது வரம்பு மட்டும்தான். அதை எட்டச் செய்வது சோறு. தென்கொரியாவில் 1896-ல் பிறந்த பெண்களைவிட 1996-ல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் அதிக உயரம். நூறு வருடத்தில் ஒரு இனத்தின் ஜீன் மாறிவிடாது. மாறியது சாப்பாடும் சுத்தமும் நோய் குறைந்ததும். நம் தோட்டத்துப் பெரியவர்கள் குட்டையாக இருந்தார்கள் என்றால் அதை முழுக்க ஜாதி வாகு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வெறுங்காலோடு நடந்த பிள்ளையின் வயிற்றில் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்தது. மலேரியா மிச்சத்தைக் குடித்தது. அரிசியும் கருவாடும் தவிர வேறெதையும் கண்ணால் பார்க்காத நாள்கள் எத்தனையோ. உங்கள் இளையவனுக்குத் தினம் ஒரு முட்டை, பருப்பு, கீரை, பால் கொடுங்கள். பூச்சி மருந்து கொடுத்து எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். பதினாலு வயதில் சில பையன்களுக்கு வளர்ச்சி இனிமேல்தான் ஓடி வரும். வருடத்துக்கு நாலு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனிப் பேரனைப் பற்றி. இது வெண்குஷ்டம் அல்ல, யாருக்கும் ஒட்டாது. அல்பினிசத்தால் அறிவு மழுங்குவதில்லை. மற்றப் பிள்ளைகளைப் போலவே படிப்பான். பார்வைதான் மங்கலாக இருக்கும். கண்ணின் உள்திரையும் நரம்பும் சரியாக அமைவதற்கே அந்தச் சாயம் தேவை. அது இல்லாததால்தான் கண் ஊசலாடுகிறது. இந்த மாதமே கண் டாக்டரிடம் கொண்டு போங்கள். சின்னக் குழந்தைக்கும் கண்ணாடி உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது முன் வரிசையில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படித்தால் அதட்ட வேண்டாம். அவனுக்கு அப்படித்தான் தெரியும், கண் அதனால் கெட்டுவிடாது. பார்வை மிகக் குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை எடுக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் 1951-லிருந்து இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

தோல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நமக்கு வெயிலைத் தாங்கும் குடை தோலுக்குள்ளேயே இருக்கிறது. அவனுக்கு அது இல்லை. வெறும் உடம்போடு வெயிலில் விளையாடினால் இன்று தோல் வேகும். பல வருடம் அப்படியே விட்டால் புற்றுநோய் வரும். முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, முகத்துக்கும் கைக்கும் வெயில் கிரீம். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை திடலுக்கு அனுப்பாதீர்கள். ஆறாத புண் எதுவானாலும் காட்டிவிடுங்கள். இலேசாக இடித்தாலே கன்றிப்போகிறது, இரத்தம் நிற்க நேரமாகிறது என்றால் அதையும் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். அல்பினிசத்தில் அப்படி ஓர் அபூர்வ வகை உண்டு.

அவன் பெரியவனாகிக் கல்யாணம் செய்தால் பிள்ளைகளும் இப்படியே பிறக்குமா? அந்தப் பண்பைச் சுமக்காத பெண்ணைக் கட்டினால் பிள்ளைகள் எல்லோரும் சாதாரண நிறம்தான். ஒவ்வொருவரிடமும் ஒரு டின் மட்டும் காலியாக இருக்கும். வெள்ளையாய்ப் பிறந்த இருவரே மணந்தால்கூட, அவர்களுக்கு வந்தது வேறு வேறு ஜீனில் உள்ள குறையானால் பிள்ளைகள் நிறத்தோடு பிறப்பார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு தம்பதிக்குப் பிறந்ததை 1952-ல் ஒரு கண் மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். சொந்தத்தில் மட்டும் மறுபடி அவனுக்குப் பெண் தேடாதீர்கள், அம்மா.

கடைசியாக, பத்துமலையில் மொட்டையடித்தால் கறுப்பு முடி முளைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். முளைக்காது. முடிக்கு நிறம் வேரில் உண்டாவது. கத்தி மேலே உள்ளதைத்தான் எடுக்கும். வேண்டுதல் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிவிட்டு அது போதும் என்று இருந்துவிடாமல், மேலே ஒரு துணித் தொப்பி போட்டு, படியிறங்கும்போது குழந்தையைக் குடைக்குள் தூக்கி வாருங்கள்.